ஆற்றலும் ஆற்றுதலும்

தமிழ்த்துறை மலரில் இயற்பியலுக்கு என்ன வேலை என்று இப்பக்கத்தைப் புரட்டும் அன்பர் சிலர் வினவக்கூடும். வினவட்டும். சென்ற ஆண்டு நம் கல்லூரி மாணவர் ஒருவர் துறை வாயிலில் நின்று கேட்ட ஒரு வினாதான் இக்கட்டுரைக்குக் காரணம். அம்பத்தூரிலிருந்து மின்தொடர் வண்டியில் வந்து இளநிலை இயற்பியல் பயிலும் மாணவர் அவர். தந்தையார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் கடைசல் வேலை செய்பவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். மாணவர் கருத்தரங்கு ஒன்றில் பேசுவதற்காக அவருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, ஒளியையும் ஆடிகளையும் கொண்டு மூலக்கூறுகளைக் குளிரச் செய்வது என்பது. ஆங்கிலத்தில் அச்சிட்ட பன்னிரண்டு பக்கங்களைக் கையில் வைத்திருந்தார்.

"ஐயா, வெயில்ல வச்சா எந்தப் பொருளும் சூடாகத்தானே செய்யும்? ஒளி பட்டா எப்படி ஐயா குளிரும்?"

இயற்பியல்துறைக்குப் போகாமல் நம்மிடம் ஏன் கேட்கிறீர், தம்பி என்றோம். "அங்க கேட்டா இங்கிலீஷ்ல சொல்லுவாங்க ஐயா. அது இதுலயே இருக்கு" என்று அந்தப் பன்னிரண்டு பக்கங்களைக் காட்டினார். அவர் குறும்பாகச் சொல்லவில்லை. அதனாலேயே அவ்விடை நம்மைச் சுட்டது.

அன்று அவருக்குச் சொல்ல நம்மிடம் விடை இல்லை. தமிழில் எம்.ஃபில். வரை படித்துப் பல்லாண்டு வகுப்பெடுத்த நமக்கு, அணு வேறு மூலக்கூறு வேறு என்பதே பள்ளிப் பாடத்தின் மங்கிய நினைவாகத்தான் இருந்தது. நம் இயற்பியல்துறை நண்பரை அழைத்து வைத்துக்கொண்டு, மூவரும் தேநீர்க்கடை வாங்குப்பலகையில் உட்கார்ந்து நான்கைந்து மாலைகள் பேசினோம். அங்கே கற்றதை முதலில் சொல்லி, அதன்பின் நம் கருத்துக்கு வருவோம்.

தேநீர்க்கடைக்காரர் கைகளை உயர்த்தியும் தாழ்த்தியும் குவளையிலிருந்து குவளைக்குத் தேநீரை ஆற்றுகிறார். ஆற்றுதல் என்ற சொல்லை அங்கேதான் முதன்முதலாகக் கூர்ந்து பார்த்தோம். சூடு ஆறுகிறது. சினம் ஆறுகிறது. புண் ஆறுகிறது. துயருற்றார்க்கு ஆறுதல் சொல்கிறோம். கொதிப்பும் பதைப்பும் அடங்குவதையே தமிழ் ஆறுதல் என்கிறது. இயற்பியலார் சொல்லும் இலக்கணமும் இதுவே. குளிர் என்று ஒரு பொருள் உலகில் இல்லை. பொருளின் நுண்துகள்கள் ஓயாமல் ஓடியும் மோதியும் துடித்தும் கொண்டிருப்பதே வெப்பம். அவ்வோட்டம் அடங்குவதே குளிர்தல். நம் வகுப்பறைக் காற்றிலுள்ள மூலக்கூறுகள் நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் விரைவில் எத்திசையும் பாய்ந்துகொண்டிருக்கின்றன. அவ்விரைவைக் குறைத்துக்கொண்டே போனால் சுழியத்திற்குக் கீழ் 273.15 டிகிரி செல்சியசில் குளிரின் எல்லை வந்துவிடும். அதற்குக் கீழ் தண்மை இல்லை. விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெட்டவெளிகூட அவ்வெல்லைக்கு ஏறத்தாழ 2.7 டிகிரி மேலேதான் நிற்கிறது. ஆய்வுக்கூடத்து மேசைமீது மனிதன் உண்டாக்கும் குளிரோ, அவ்வெல்லைக்கு மேல் ஒரு டிகிரியைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் வரும் சில பங்குகளே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இயற்பியலில் நாம் வழங்கும் 'ஆற்றல்' என்பதும், தேநீரை 'ஆற்றல்' என்பதும் எழுத்தளவில் ஒன்றே. ஒன்று வலிமை, மற்றொன்று அவ்வலிமையைத் தணித்தல். ஒளியாற்றலால் ஆற்றுதல் என்று சொன்னபோது அம்மாணவர் சிரித்துவிட்டார். கலைச்சொல்லாக்கத்தார் 'லேசர் குளிர்விப்பு' என்று எழுதுவர். அதில் பிழையில்லை. ஆயினும் குளிர்விப்பு என்றால் பனிக்கட்டிப் பெட்டி நினைவுக்கு வருகிறது. ஆற்றுதல் என்றால் ஓட்டத்தை அடக்குதல் நினைவுக்கு வருகிறது. நிகழ்வது இரண்டாவதே.

எவ்வாறு அடக்குகிறார்கள்? ஒளிக்கு எடையில்லை எனினும் தள்ளும் விசை உண்டு. வால்மீனின் வால் எப்போதும் கதிரவனுக்கு எதிர்ப்புறமே நீள்வதைக் கண்டு கெப்ளர் இதனைக் கருதினார். பின்னர் மேக்சுவெல் கணக்கிட்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருசியாவில் லெபதேவ் அளந்தும் காட்டினார். ஆனால் ஒளித்துகள் ஒன்றை விழுங்கும் தனியணு ஓர் உதை பெறும் என்ற கருத்தை வைத்து, குறிப்பிட்ட நிற ஒளியை ஏற்கும் அணுக்கள் மட்டுமே அவ்விசைக்கு ஆட்பட்டுக் கதிரவன் மேற்புறத்தில் உயர எழுகின்றன என்று 1919இல் எழுதியவர் நம் நாட்டவரான மேகநாத் சாகா. டாக்காவை அடுத்த சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். அவ்வுதையைக் கொண்டு அணுவை நிறுத்தலாம் என்று யாரும் நினைத்துப் பார்க்க இன்னும் ஐம்பத்தாறு ஆண்டுகள் ஆயின.

ஓர் உதை மிகச் சிறியது. சோடியம் அணு ஒன்று ஓர் ஒளித்துகளை எதிர்கொண்டு விழுங்கினால் அதன் விரைவு நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் குறையும். நொடிக்கு ஆயிரம் மீட்டர் ஓடும் அணுவை நிறுத்த இத்தகைய உதைகள் முப்பதாயிரத்துக்கும் மேல் வேண்டும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் விரைந்து வரும் சுமையுந்தை எதிரே நின்று புளியங்கொட்டை எறிந்தே நிறுத்துவது போன்றது இது. ஆனால் அணு நொடிக்குக் கோடிக்கணக்கான முறை ஒளியை விழுங்கி உமிழ வல்லது. ஆகவே ஒரு மீட்டர் அளவிலான பாதையில் நிறுத்திவிட முடிகிறது. விழுங்குவது எப்போதும் ஒரே திசையிலிருந்து. உமிழ்வதோ எல்லாத் திசைகளிலும். ஆதலின் உமிழும்போது பெறும் உதைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து போகும், விழுங்கும்போது பெற்றவை மட்டும் சேர்ந்துகொண்டே வரும்.

எதிரே வரும் அணுவை மட்டும் ஒளி எப்படி அடையாளம் காண்கிறது? இங்கேதான் அம்மாணவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அம்பத்தூர் நிலையத்து நடைமேடையில் நிற்பவர், நில்லாமல் கடக்கும் விரைவு வண்டியின் ஊதலை நாள்தோறும் கேட்கிறார். வண்டி நெருங்கும்போது ஒலி உச்சத்தில் இருக்கும். நம்மைக் கடந்த நொடியில் சட்டென்று தாழ்ந்துவிடும். டாப்ளர் விளைவு என்பது இதுதான். ஒளியிலும் இஃது உண்டு. ஒளியை நோக்கி ஓடும் அணுவுக்கு அவ்வொளி சற்று நீலம் மிகுந்ததாகத் தெரியும். விலகி ஓடும் அணுவுக்குச் சற்றுச் சிவப்பாகத் தெரியும். எனவே அணு விரும்பி ஏற்கும் நிறத்தைவிட மயிரிழை அளவு சிவப்பின் பக்கம் தாழ்த்திய ஒளியைப் பாய்ச்சினால், எதிர்த்து வரும் அணுவுக்கு மட்டுமே அது பொருந்தும். அசையாது நிற்பது பெரும்பாலும் தப்பிவிடும். இத்துணைத் தூய ஒரே நிறம் விளக்கொளியில் கிட்டாது. சீரொளி என்னும் அழகிய தமிழ்ப்பெயர் பெற்ற லேசரில்தான் கிட்டும்.

ஒளி ஒரு புறத்திலிருந்து மட்டும் வந்தால் அணு நின்றபின் மறுபுறம் தள்ளப்படும். ஆகவே அதே கதிரை மறுகோடியில் ஓர் ஆடியை வைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். முன்பின், இடவலம், மேல்கீழ் என்று மூன்று இணைக் கதிர்கள். எப்பக்கம் நகர்ந்தாலும் எதிர்ப்பு. இவ்வாறு ஆற்றலாம் என்னும் எண்ணத்தை 1975இல் ஹான்சும் சாலோவும் ஒருபுறமும், வைன்லாண்டும் டெமெல்ட்டும் மறுபுறமும் வெளியிட்டனர். 1985இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவன் சூவும் அவர் குழுவினரும் சோடியம் அணுக்களை ஒரு டிகிரியின் பத்து இலட்சத்தில் 240 பங்கு என்னும் குளிருக்குக் கொணர்ந்தனர். அந்த ஒளிச்சந்திப்பில் அணு அகப்பட்டுத் தயங்குவதைக் கண்டு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? ஒளிப்பாகு. வெல்லப்பாகில் விழுந்த எறும்பு போல என்று தமிழர் எவரும் உடனே விளங்கிக்கொள்வர். இதற்கு எந்தப் பல்கலைக்கழகக் கலைச்சொற்குழுவும் கூட வேண்டியதில்லை. சூ, கோகன்-தனூஜி, பிலிப்சு ஆகிய மூவரும் 1997இல் நோபல் பரிசு பெற்றனர்.

இதுவரை சொன்னது அணுக்களின் கதை. மூலக்கூறு வேறு. அணு தனியாள், மூலக்கூறு குடும்பம். இரண்டோ பலவோ அணுக்கள் பிணைந்து நிற்பதால் அது சுழலவும் செய்கிறது, துடிக்கவும் செய்கிறது. விழுங்கிய ஒளியை அப்படியே உமிழாமல், ஒரு பகுதியைத் தன் துடிப்புக்கு எடுத்துக்கொண்டு நிறம் மாறிய ஒளியைத் திருப்பித் தருவதும் உண்டு. மூலக்கூறு இவ்வாறு ஒளியின் நிறத்தை மாற்றும் என்பதை உலகுக்குக் காட்டியவர் யார்? திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர வேங்கட இராமன். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் உடன் உழைக்க, கொல்கத்தாவில் 1928 பிப்ரவரி 28ஆம் நாள் அவர் கண்டது அதைத்தான். கதிரவன் ஒளி, கண்ணாடி வில்லை, நிறவடிகட்டிகள், தூய்மை செய்த நீர்மங்கள் சில பத்து, கருவிகள் அவ்வளவே. அந்நாளைத் தேசிய அறிவியல் நாள் என்று 1987 முதல் கொண்டாடி வருகிறோம். நம் கல்லூரியிலும் பேச்சுப் போட்டி வைக்கிறோம். ஆனால் இராமன் கண்ட அப்பண்போடு உறவுடைய ஒன்றுதான் மூலக்கூறுகளை ஒளியால் ஆற்றுவதற்கு நெடுங்காலம் பெருந்தடையாக நின்றது என்பதை எந்தப் பேச்சிலும் நாம் கேட்டதில்லை. மூலக்கூறு வேறொரு துடிப்புநிலைக்குத் தாவிவிட்டால் முன்பு பொருந்திய ஒளி அதன்பின் பொருந்தாது. முப்பதாயிரம் உதை வேண்டிய இடத்தில் பத்து உதைகூட விழுமுன் அது கைநழுவிப் போய்விடும்.

தடையைக் கடந்த விதம் பாராட்டத்தக்கது. தாவல் மிக அரிதாகவே நிகழும் மூலக்கூறுகளைத் தேடினர். அவ்வாறு கிடைத்தவற்றுள் ஒன்று ஸ்ட்ரான்சியமும் ஃபுளோரினும் கூடியது. தாவிப்போனவற்றை வேறு நிறச் சீரொளியால் பழைய நிலைக்கு மீட்டு, மீண்டும் வரிசையில் நிறுத்தினர். இவ்வாறு மூன்றே சீரொளிகளைக் கொண்டு 2010இல் யேல் பல்கலைக்கழகத்தில் டெமில் குழுவினர் அம்மூலக்கூறுக் கற்றையின் பக்கவாட்டு ஓட்டத்தை அடக்கிக் காட்டினர். 2014இல் அதே மூலக்கூறுகளை மூன்று திசைகளிலும் ஒளியாலும் காந்தத்தாலும் சிறைப்பிடித்தனர். 2017இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் கால்சியம் ஃபுளோரைடு மூலக்கூறுகள் ஒரு டிகிரியின் பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கு அளவுக்கு ஆற்றப்பட்டன. 2022இல் ஆர்வர்டில் மூன்று அணுக்கள் கூடிய கால்சியம் மோனோஹைட்ராக்சைடையும் சிறைப்பிடித்தனர். அதற்கு வேண்டிய சீரொளிகள் பத்துக்கும் மேல். குடும்பம் பெரிதானால் அடக்குவதும் கடினம்தான்.

ஆடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பூந்தமல்லியில் பழைய முடிதிருத்தகம் எதிலும் முன்னும் பின்னும் இரு கண்ணாடிகள் எதிரெதிரே மாட்டியிருப்பர். நாற்காலியில் அமர்ந்தால் நம் தலை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாய்ப் போய் மங்கி மறையும். ஒவ்வொரு முறையும் கண்ணாடி ஒளியில் சிறுபகுதியை விழுங்கிவிடுவதால் வரும் மங்கல் அது. ஆய்வுக்கூடத்து ஆடி அப்படியன்று. படலம் படலமாகப் பூசிச் செய்த அவ்வாடிகள் இரண்டுக்கு நடுவே ஒளி ஆயிரக்கணக்கான முறை, ஏன், இலட்சம் முறைகூடத் திரும்பித் திரும்பி ஓடும். அந்த இடைவெளிக்கு ஏற்ற நிறம் மட்டுமே அங்கே நிலைக்கும். துகள் ஒன்றை நடுவே வைத்து, இடைவெளிக்குப் பொருந்தும் நிறத்தைவிடச் சற்றே தாழ்ந்த ஒளியை அதன்மேல் பாய்ச்சினால், அது சிதறும் ஒளி உயர்ந்த நிறம் பெற்று ஆடிகளுக்கிடையே செல்லவே விரும்பும். அதற்கு வேண்டிய கூடுதல் ஆற்றலைத் துகள் தன் ஓட்டத்திலிருந்தே கொடுத்தாக வேண்டும். துகளின் உள்ளமைப்பு எதுவாயினும் இம்முறை பொருந்தும், ஆகவே மூலக்கூறுக்கும் பொருந்தும் என்று 2000ஆம் ஆண்டில் வூலெட்டிச்சும் சூவும் எழுதினர். 2020இல் வியன்னாவில் நுண்ணிய கண்ணாடி மணி ஒன்றின் ஓட்டத்தை இம்முறையால் இயற்கை அனுமதிக்கும் கடைசிப் படிவரை அடக்கினர்.

ஒளியும் ஆடியும் என்றவுடன் நம் அவையில் ஒரு பெயர் எழாமல் இராது. பஸ்ராவில் 965ஆம் ஆண்டையொட்டிப் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் எழுதிய கிதாபுல் மனாழிர், கோள ஆடியில் ஒளி எப்புள்ளியில் பட்டுத் திரும்பும் என்னும் கடுங்கணக்கை ஆராய்ந்தது. இலத்தீன் உலகம் அவரை அல்ஹாசன் என்று பெயரிட்டுப் படித்தது. 2015ஆம் ஆண்டை உலகம் ஒளியாண்டாகக் கொண்டாடியபோது அந்நூலின் ஆயிரமாண்டும் நினைவுகூரப்பட்டது. மகிழ்ச்சியே. ஆனால் ஒன்று சொல்வோம், பெரியோர் பொறுத்தருள்க. மீலாது மேடையில் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டல் பெறுவதோடு நம் கடன் தீர்ந்துவிடாது. அவர் லேசரை அறிந்தவரல்லர். அணுவைப் பற்றி அன்றே பாடிவிட்டோம் என்று பெருமைப்படும் நம் தமிழ் மேடைகளுக்கும் இதுவே விடை. முன்னோர் எழுதியதை அப்படியே நம்பாமல் ஐயுற்று, செய்து பார்த்து, பிறகு ஏற்றவர் அவர். பெருமை பேசுவது எளிது. ஆடியைத் திருப்பிப் பார்ப்பது கடினம்.

நம் நாட்டிலும் இவ்வாய்வு நடவாமல் இல்லை. இராமன் 1948இல் பெங்களூரில் நிறுவிய ஆய்வு நிறுவனத்தில் சாதிக் ரங்வாலா என்னும் அறிஞரும் அவர் மாணவர்களும் ஒளியால் ஆற்றிய ருபீடியம் அணுக்களையும் மின்னூட்டம் பெற்ற அயனிகளையும் ஒரே சிறையில் வைத்து ஆராய்ந்துள்ளனர். சூடான அயனி குளிர்ந்த அணுவோடு மோதும்போது மின்னூட்டம் கைமாறி, குளிர்ந்த அயனி பிறப்பதை 2012இல் வெளியிட்டனர். இரு ஆடிகளுக்கு நடுவே அச்சிறையை அமைத்தும் ஆய்ந்திருக்கின்றனர். அதற்கு முன் அவர் செருமனியின் கார்ச்சிங் நகர்க் குழுவொன்றில் பங்கேற்று, மெல்ல நகரும் மூலக்கூறுகளை மட்டும் பிரித்தெடுத்து வழிநடத்தும் முறையை 2003இல் வெளியிட்டவர். ஒன்றிய அரசு 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயில் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் நான்கு மையங்களுள் ஒன்று நம் சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. ஆவடியிலிருந்து இரண்டு வண்டி மாறினால் போய்விடும் தொலைவுதான்.

தொலைவு என்று நாம் சொல்வது அதுவன்று. அம்மாணவரிடம் திரும்பி வருவோம். கருத்தரங்குக்கு முன்னாள் மாலை, அவர் தேநீர்க்கடையில் நமக்கும் வேறு மூன்று நண்பர்களுக்கும் முழுப்பொருளையும் தமிழில் சொன்னார். அணுவிடமிருந்து எடுத்த சூடு எங்கே போகிறது என்று ஒரு நண்பர் மடக்கினார். "உள்ளே போன ஒளியைவிட வெளியே வர்ற ஒளிக்கு நிறம் கொஞ்சம் உசந்திருக்கும். அந்த வித்தியாசம்தான் சூடு. ஒளி அதைத் தூக்கிட்டுப் போயிடுது" என்றார். இதைவிடச் சுருக்கமாக ஒரு பேராசிரியர் சொல்லிவிட முடியாது. மறுநாள் கருத்தரங்கில் தமிழில் பேசலாமா என்று கேட்டிருக்கிறார். கூடாது என்றனர். எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டா. எக்கல்லூரியிலும் நடப்பதுதான். பன்னிரண்டு பக்கத்தையும் மனப்பாடம் செய்து ஒப்புவித்தார். முடிவில் நடுவர் கேட்டதும் அதே வினா. சூடு எங்கே போகிறது? ஆங்கிலத்தில் கேட்டார். அறிந்த விடை நாவில் நிற்க, தலைகுனிந்து இறங்கி வந்தார்.

முதுநிலைக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தை அவ்வாரமே கைவிட்டார். "பட்டறைக்கே போயிடறேன் ஐயா" என்றார். பட்டறை இழிவன்று. 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை ஓட்டிக் காட்டிய ஆவடியும், துருப்பிடிக்காத எஃகை மயிரிழை பிசகாமல் கடைந்தெடுக்கும் அம்பத்தூரும் இல்லாமல் நாட்டுக்கு எந்திரமில்லை. அணுவை ஆற்றும் ஆய்வுக்கூடத்திலும் காற்றை முற்றும் அகற்றிய எஃகுக் கலம்தான் முதற்பொருள். அதைக் கடைபவர் மகனுக்கு அதனுள் நடப்பது என்ன என்று அறியும் வழியை மொழியின் பெயரால் அடைத்துவிட்டோம் என்பதே நம் வருத்தம்.

சென்னைக் கடற்கரையில் விவேகானந்தர் இல்லம் என்று இன்று வழங்கும் கட்டடம், 1842இல் அமெரிக்க வணிகர் டியூடர் பனிக்கட்டி சேமிக்கக் கட்டியது. மாசசூசெட்சு மாநிலத்துக் குளங்களில் உறைந்த நீரை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொணர்ந்து நமக்கு விற்றனர். குளிரே இறக்குமதிப் பொருளாக இருந்த காலம் அது. இந்நாட்டிலேயே பனிக்கட்டி செய்யும் எந்திரம் வந்தபின் அவ்வணிகம் படுத்துவிட்டது. அறிவியல் கல்வியில் நாம் இன்னும் மரத்தூள் மூட்டையைத்தான் அவிழ்த்துக்கொண்டிருக்கிறோம். மூட்டையைப் பிரிக்கும்போது உள்ளே பாதி உருகிப்போயிருக்கிறது.

ஆங்கிலம் வேண்டா என்று நாம் கூறவில்லை. கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் பெற்றோர் பிள்ளை ஆங்கிலம் பேச வேண்டும் என்று விரும்புவது முற்றிலும் நியாயம். மேலே சொன்ன ஆய்வுகள் வெளிவந்ததும் ஆங்கிலத்திலேயே. முதுநிலை மாணவர் அவற்றை ஆங்கிலத்தில் படித்தே தீர வேண்டும். ஆனால் விளங்குதல் முதலில், மொழிமாற்றம் பின்னர். விளங்காததை எம்மொழியில் ஒப்புவித்தாலும் அஃது ஒலியே.

தமிழில் சொல்லில்லை என்பார்க்கும் விடையுண்டு. மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்து நூல்களையும் தமிழாக்கினார். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வந்தது. யுனெஸ்கோ கூரியரின் தமிழ்ப் பதிப்பை நெடுங்காலம் நடத்தி, அறிவியல் கலைச்சொல் அகராதிகளைத் தனியொருவராய்த் தொகுத்த மணவை முஸ்தபா நம் சமுதாயத்தவர், 2017இல் மறைந்தார். சொற்கள் நூலக அடுக்கில் குவிந்து கிடக்கின்றன. அவற்றைக் கோத்து நான்கு பக்கம் ஓடும் உரைநடைதான் இல்லை. அதை எழுத வேண்டியவர்கள் யார்? இயற்பியலார்க்குத் தமிழ் எழுத நேரமில்லை. தமிழாசிரியர்க்கு இயற்பியல் தெரியாது. இரு துறைகளுக்கும் நடுவே ஒரு தாழ்வாரம்தான். நாம் பணியில் சேர்ந்த நாள்முதல் அதைக் கடந்ததில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

கடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று. இக்கட்டுரையின் முதற்படியை நம் இயற்பியல்துறை நண்பர் படித்து மூன்று இடங்களில் சிவப்பு மையால் திருத்தினார். மண்பானையில் நீர் குளிர்வதும் ஒளியால் அணு குளிர்வதும் ஒன்றே என்று எழுதியிருந்தோம். இல்லை, பானையில் விரைவு மிக்க மூலக்கூறுகள் ஆவியாகித் தப்பிப் போக, மெதுவானவை எஞ்சுகின்றன, அது வேறு வழி என்றார். உடனே இன்னொன்றும் சொன்னார். ஒளியால் இயன்றவரை ஆற்றியபின், கடைசிக் கட்டத்தில் அந்தப் பானை வழியையே கையாண்டுதான் 1995இல் கொலராடோவில் ருபீடியம் அணுக்களை ஒரே அலைபோல் ஒன்றச் செய்தார்களாம். டாக்காப் பல்கலைக்கழகத்திலிருந்து சத்தியேந்திரநாத் போசு 1924இல் ஐன்ஸ்டைனுக்கு எழுதி அனுப்பிய கட்டுரையிலிருந்து முளைத்த கணிப்பு அது. மெய்ப்பட எழுபது ஆண்டுகள் சென்றன. நம் பிழை ஒன்றைத் திருத்தப் போய் இவ்வளவு கிடைத்தது.

ஆகவே நாம் கேட்பது சிறிய ஏற்பாடு. இறுதியாண்டு இயற்பியல், வேதியியல் மாணவர் ஒவ்வொருவரும் தம் செயல்திட்ட ஏட்டோடு நான்கு பக்கத் தமிழ் விளக்கம் ஒன்றை எழுதட்டும். அத்துறை ஆசிரியர் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் எதிரே அமர்ந்து பத்து நிமிடம் தமிழில் வினவட்டும். மதிப்பெண் சிறிதளவே போதும், ஆனால் இருக்க வேண்டும். மதிப்பெண் இல்லாத எதையும் நம் மாணவர் மதிப்பதில்லை, குறை அவர்களுடையதன்று. அறக்கட்டளைச் சொற்பொழிவுகளுக்கு ஆண்டுதோறும் வாரி வழங்கும் சமுதாயப் பெரியோர், அவற்றுள் ஒன்றைக் குறைத்து, இவ்விளக்கங்களுள் சிறந்தவற்றை நூலாக்க உதவலாம். பொன்னாடைச் செலவு மிச்சமானாலே முதல் தொகுதி வந்துவிடும். இதற்குப் பல்கலைக்கழக ஆணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கல்லூரி அளவிலேயே செய்யத்தக்கது. முதல்வரிடம் எழுத்து மூலம் கொடுத்திருக்கிறோம்.

அம்மாணவரை நான்கு பக்கம் எழுதித் தரும்படி கேட்டோம். முதலில் மறுத்தார். பிறகு இரவுப் பணியில் தந்தையாருக்குச் சோறு கொண்டுபோன இடத்தில், லேத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதாகச் சொல்லி எட்டுப் பக்கம் கொண்டுவந்தார். ஒரு தாளில் எண்ணெய்க் கறை. இம்மலரின் பிற்பகுதியில் அதனைச் சேர்த்திருக்கிறோம். 'ஒளிப்பாகு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், இது சரிதானா ஐயா என்று அவர் பென்சிலால் இட்டிருந்த கேள்விக்குறியையும் நீக்காமல் அப்படியே அச்சிடச் சொன்னோம். முதுநிலை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.